தேர்வு நின்ற பிறகு கற்றுக்கொண்டது

எதிர்பாராத மாற்றம் ஒன்று நேரும்போது, நாம் இழந்தது எது என்பதே முதலில் தெரியும். பெற்றது எது என்பதை உணரச் சில ஆண்டுகளாகும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது எனக்கு அத்தகைய மாற்றமாக அமைந்தது.

1988ஆம் ஆண்டு தொடங்கிய அத்தேர்வை ஒட்டியே நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டுத் திட்டம் அமைந்திருந்தது. கூடுதல் வகுப்பு, முன்னோட்டத் தேர்வு, கோயிலில் சிறப்புப் பூஜை, முடிவு நாளில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றனர் என்ற எண்ணிக்கை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்மொழி கற்பித்த எனக்கு அந்த எண்ணிக்கையே அடையாளமாயிருந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அடுத்த மாதமே அவ்வாண்டுத் தேர்வு இரத்து செய்யப்பட்டது. 2021 ஏப்ரலில் தேர்வே முற்றாக அகற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இனி என் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி என்னை வாட்டியது.

பள்ளி மூடியிருந்த அந்நாள்களில் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். தந்தை வேலை முடிந்து திரும்பிய பின்னரே அது பிள்ளையின் கைக்கு வரும். எனவே, நீண்ட பயிற்சிகளை விடுத்து, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் இளமைக்காலத்தைக் கேட்டு, அதைக் குரல்பதிவாகப் புலனத்தில் அனுப்பும்படி மாணவர்களிடம் கூறினேன்.

கட்டுரை என்றால் ஐந்து வாக்கியங்களைத் தாண்டாத மாணவன் ஒருவன், தன் பாட்டி விடியுமுன் பெரட்டுக்குச் சென்றதையும், பள்ளி செல்லும் வயதில் மங்கு துடைத்ததையும், கோட்டுப்பால் வாடை கையை விட்டுப் போகாததையும் தங்குதடையின்றிச் சொல்லியிருந்தான். அவனிடம் மொழி இருந்தது. அது தாளுக்கு வரும் வழிதான் தெரியவில்லை. பதிவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டு எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

பள்ளி திறந்த பின்னரும் இம்முறையைத் தொடர்ந்தேன். முதலில் பேச்சு, பின்னர் எழுத்து. வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஒரு மாணவனின் தர அடைவை ஒன்று முதல் ஆறு வரை குறிக்கும்போது, அவன் சொன்ன கதைகள் என் நினைவுக்கு வருகின்றன. பொறுமையாகச் செவிமடுக்கும் பழக்கம் நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வாய்த்தது.

இதனால் அம்மாற்றத்தை நான் வரம் என்று போற்றவில்லை. இணைய வசதியின்றிப் பாடங்களை இழந்த பிள்ளைகள் பலர். பொதுவான அளவுகோல் இல்லையே என்ற பெற்றோரின் கவலையும் நியாயமானதே. ஆயினும், இழந்ததை எண்ணிக்கொண்டே இருந்திருந்தால், அம்மாணவனின் குரல் என் காதில் விழுந்திருக்காது.

பெற்றோர்களே, இவ்வார இறுதியில் உங்கள் பிள்ளையைத் தாத்தா பாட்டியின் அருகில் அமர்த்துங்கள். கேட்டதை முதலில் உங்களிடம் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். எழுத்துப்பிழைகளை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.