பெயர் போடாத சத்தம்

பேய்ப் படம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மரியாதை. மரியாதை என்றால் பயம்தான்! போன வருடம் விடுதியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ரூம் நண்பனின் லேப்டாப்பில் ‘தி இன்னொசென்ட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படம் பார்த்தோம். ஜாக் கிளேட்டன் இயக்கி 1961-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். "கறுப்பு வெள்ளைல என்னடா பேய் வரப்போகுது?" என்று கிண்டல் செய்தவன்தான் முதலில் போர்வைக்குள் போனான்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய கதை அது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு பெரிய மாளிகை. தாய் தகப்பன் இல்லாத அண்ணன், தங்கை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியை வருகிறார். அந்த வேடத்தில் டெபோரா கெர். அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்துச் செத்துப்போன ஓர் ஆணும் பெண்ணும் ஆசிரியையின் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பேய் வீட்டில் இருக்கிறதா, ஆசிரியையின் மனசில் இருக்கிறதா? படம் கடைசிவரை சொல்வதில்லை.

நண்பர்களே, என்னைப் பயமுறுத்தியது உருவம் இல்லை, சத்தம். படம் தொடங்கும்போது திரை முழுக்க இருட்டு, ஒரு குழந்தை பாடுவது மட்டும் கேட்கும். பிறகு ஒரு காட்சியில் ஆசிரியை தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருப்பார். பறவைகளின் சத்தம் திடீரென்று நின்றுவிடும். நிமிர்ந்தால் கோபுரத்தின் மேல் ஒரு ஆள். ஆங்காங்கே எந்த வாத்தியத்திலும் சேராத ஒரு இரைச்சல் நடுமுதுகில் ஏறும். படத்துக்கு இசை ஜார்ஜ் ஓரிக். ஆனால் அந்த எலெக்ட்ரானிக் சத்தங்களைச் செய்தது டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி. டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். 1943-ல் பி.பி.சி.யில் சேர்ந்தவர் ஓரம். 1958-ல் அங்கே ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். மறு வருடமே வேலையை விட்டுவிட்டார். கென்ட் கிராமப்புறத்தில் ஹாப் பூக்களைக் காயவைக்கும் பழைய சூளை வீடு ஒன்றை ஸ்டுடியோவாக்கிக்கொண்டார். அங்கே ‘ஓரமிக்ஸ்’ என்று ஒரு மெஷின் கட்டினார். பத்து 35 மி.மீ. ஃபிலிம் பட்டைகளில் கையால் கோடு வரைவார். ஃபிலிம் நகர நகர, அதன் வழியே வரும் ஒளியை போட்டோசெல் பிடிக்கும். ஒளி கூடிக் குறைவதற்கேற்ப சத்தம் மாறும். கோடு வரைந்தால் இசை!

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் மினி பிராஜெக்டும் கிட்டத்தட்ட அதே தத்துவம்தான். ஒரு 555 ஐ.சி., ஒரு எல்.டி.ஆர்., ஒரு சின்ன ஸ்பீக்கர். வெளிச்சம் கூடினால் சத்தம் கீச்சென்று ஏறும்; கையால் மறைத்தால் இறங்கும். நாங்கள் நாலு பேர். போர்டை எட்ச் செய்து, சால்டர் வைத்து, டிரை சால்டரைத் தேடிக் கண்டுபிடித்தது எல்லாம் ஒருத்தன். மற்ற மூவரும் பக்கத்தில் நின்று டீ குடித்தோம். பாதியில் அவன் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அவன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் சேர்ந்தான்.

ரெக்கார்டின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்தான் போட்டோம். வைவாவில் வந்தவர் போர்டைத் திருப்பிப் பார்த்து, "சால்டரிங் நல்லா இருக்கே, யார் பண்ணது?" என்றார். நான்தான் முந்திக்கொண்டு, "நாங்கதான் சார்" என்றேன். அப்போது வெட்கமாகக்கூட இல்லை. வந்த மார்க்கைக் கொண்டாடப் பரோட்டா சாப்பிடப் போனோம்.

படம் பார்த்த மறுவாரம் அவன் கடைக்குப் போனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு போனைக் குடைந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நிமிரவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் மாப்ள" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த போர்டு இன்னும் ஓடுதா?" என்று மட்டும் கேட்டான். "ஓடுதுடா" என்றேன். சிரித்தான்.

ஓரம் 2003-ல் காலமானார். அவருடைய மெஷினை 2011-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். பெயர் வந்துசேர அவ்வளவு காலம்.

இந்த மலரிலாவது அவன் பெயரைப் போடலாமென்று கேட்டேன். "இப்ப எதுக்குடா? அப்ப போட்டிருக்கணும்" என்றான். அதனால் போடவில்லை. நம் லேபில் அந்த போர்டு இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். அந்த சால்டரிங் நான் செய்ததில்லை.

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை