கொலராடோ கரையோரம் – 6
பீச் தோட்டத்துக்கு அடியில் ஒரு கடல்

கிராண்ட் ஜங்ஷன் ஊருக்கு வடக்கே அடிவானம் நெடுகப் புக் கிளிஃப்ஸ் மலைச்சுவர் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் புல் பூண்டு எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடப்பதற்கு மாங்கோஸ் ஷேல் என்று பெயர். சுமார் 8, 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே பரந்திருந்த கடலின் அடிச்சேறுதான் இறுகி இந்தக் களிப்பாறையாகியிருக்கிறது. கடல் போய்விட்டது, அதன் உப்பு மட்டும் பாறைக்குள் தங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் வயல்கள் எல்லாமே இந்தப் பாறையின் மேல்தான் இருக்கின்றன.

வயலோரத்து வடிகால் ஓடை ஒன்றில் இறங்கிப் பார்த்தேன். இரு கரையிலும் உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. விரல் பட்டதும் பொரபொரவென்று உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்தால் சமையல் உப்பின் கரிப்பைவிடக் கசப்புதான் தூக்கலாக இருந்தது. சோடியம், மெக்னீசியம் சல்பேட்டுகள் கலந்த உப்பு இது.

இங்கே ஆண்டு மழை 25 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஆனாலும் பாலிசேட் பக்கம் போனால் பீச் மரங்கள் வரிசை வரிசையாகக் காய்த்துக் கிடக்கின்றன. 1915 முதல் ஹைலைன் கால்வாய் தரும் நீர் அது. டிபெக் மலையிடுக்கில் உருளை மதகுகள் கொண்ட அணை கொலராடோ ஆற்றை மறிக்க, அங்கிருந்து கால்வாய் சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது. பாலையைச் சோலையாக்கிய அந்தத் தலைமுறையின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கால்வாயும் கிளை வாய்க்கால்களும் வெறும் மண்ணில் வெட்டப்பட்டவை. வழியெல்லாம் கசிந்தன. வயலிலும் பயிர் குடித்தது போக மிச்சம் கீழே இறங்கியது. இறங்கிய நீர் பாறையைத் தொட்டு உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல ஆற்றுக்கே திரும்பியது. இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கும் மேல் உப்பு ஆற்றில் சேர்ந்தது என்பது அரசின் கணக்கு. ராக்கி மலையில் பிறக்கும்போது இந்த ஆற்றின் ஒரு லிட்டரில் 50 மில்லிகிராம் உப்புகூட இருப்பதில்லை.

இந்த உப்பு யார் தலையில் விடிந்தது என்பதை இத்தொடரின் தொடக்கத்தில், மெக்ஸிகாலி வயல்களில் நின்று எழுதியிருந்தேன். 1961இல் அரிசோனாவின் வெல்ட்டன்–மொஹாக் பாசனப் பகுதி தன் உவர் வடிகால் நீரை இறைத்து ஆற்றில் விட, எல்லைக்கு அப்பால் பயிர் கருகியது. 1944 ஒப்பந்தம் மெக்ஸிகோவுக்கு எவ்வளவு நீர் என்று சொன்னதே தவிர, எப்படிப்பட்ட நீர் என்று சொல்லவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1973இல்தான் உப்பின் அளவுக்கு வரம்பு கட்டும் உடன்பாடு வந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்தால் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்றை யூமாவில் பார்த்தோம். 1992இல் கட்டி முடித்த மாபெரும் உப்பகற்றும் ஆலை, சில தடவை ஓட்டியதோடு சரி, பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. இரண்டாவது வேலையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் மேலேறி வந்தேன்.

என்னை அழைத்துப் போன விவசாயிக்கு அறுபது வயதிருக்கும். மக்காச்சோளக் கொல்லையின் தலைமாட்டில் வெள்ளைக் குழாய் ஒன்று நீளப் படுத்திருந்தது. ஒவ்வொரு சாலுக்கும் நேராக அதில் ஒரு சின்னத் திறப்பு. நடுவே சூரியத் தகட்டோடு ஒரு வால்வு. அது நீரைச் சிறிது நேரம் இடப்பக்கச் சால்களுக்கு விடுகிறது, பிறகு வலப்பக்கத்துக்கு, மறுபடி இடப்பக்கத்துக்கு. "ஒரே மூச்சில் விட்டால் வயலின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் தலைமாட்டு மண் பாதியைக் குடித்துவிடும்" என்றார். விட்டு விட்டுப் பாய்ச்சும்போது நனைந்த மண்ணின் மேற்பரப்பு இறுகிக்கொள்கிறது. அடுத்த முறை வரும் நீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு விரைவாகக் கடைசி வரை போய்விடுகிறது. பாறைக்கு இறங்குவது குறைகிறது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இடப்பக்கம் ஓட்டம் அடங்கியதும் சாலின் மண் மினுமினுத்து, வண்டல் படிந்து மூடிக்கொண்டது.

மற்ற வேலைகளும் இதே வழிதான். கால்வாயின் பல பகுதிகளுக்குக் கசியாத உறை போட்டார்கள், கிளை வாய்க்கால்களைக் குழாய்க்குள் அடக்கினார்கள், தோட்டங்களுக்குச் சொட்டுநீர் வந்தது. கசிவை நம்பி வளர்ந்திருந்த மரங்களும் ஈரநிலங்களும் இதனால் காய்ந்தன. அந்த இழப்புக்கு ஈடாக வேறிடத்தில் பறவை, விலங்குகளுக்கு வாழிடம் உண்டாக்குவதையும் 1984இல் சட்டத்தில் சேர்த்தார்கள். அது சரியான முடிவு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது செலவு விஷயம். இந்த விவசாயியின் வயலுக்கு ஆற்று உப்பால் ஒரு கெடுதலும் இல்லை. அவர் சிக்கனமாகப் பாய்ச்சினால் பலன் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், முகம் தெரியாத கடைமடைக்காரருக்கு. "நீ ஏன் கசியவிட்டாய்" என்று இவர்மேல் வழக்குப் போட்டிருந்தால் இன்றைக்கும் இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகக் குழாய்க்கும் வால்வுக்கும் ஆகும் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. கீழ்ப்படுகை மாநிலங்களும் ஹூவர் போன்ற அணைகளின் மின்சாரத்துக்கு வசூலிக்கும் கூடுதல் கட்டணத்திலிருந்து தங்கள் பங்கைத் தருகின்றன. கீழே உள்ளவன் மேலே உள்ளவனின் வாய்க்காலுக்குக் காசு கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. மெக்ஸிகாலியின் கருகிய பயிர்க் கதையைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு தோன்றவில்லை. யூமாவுக்கு அருகே இம்பீரியல் அணையில் லிட்டருக்கு 879 மில்லிகிராம் என்று 1970களில் வகுத்த எல்லையை ஆண்டுச் சராசரி இதுவரை தாண்டியதில்லை.

ஆனால் ஆற்றின் உப்பில் ஏறக்குறையப் பாதி மனிதர் கைபடாமலே வருவது. அதற்கு வால்வும் குழாயும் உதவாது. தெற்கே பாரடாக்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்தடி உவர்நீர், கொலராடோவின் துணையாறான டொலோரஸில் கலக்கிறது. அதைக் கலக்குமுன்பே இறைத்து, 4 கிலோமீட்டருக்கும் கீழே பாறைக்குள் அழுத்தி அனுப்பினார்கள். 2019 மார்ச்சில் அங்கே 4.5 அளவில் நிலம் நடுங்கியது. அடுத்த வாரம் அங்கே போகிறோம்.