காப்பதும் ஒரு கலையே

புதிதாக ஒன்றை ஆக்குவது பெரிது, ஆக்கியதைப் பழுதின்றிக் காப்பது சிறிது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. வரன் பார்க்கும் இடத்திலும், “பழுது பார்க்கும் உத்தியோகந்தானே!” என்று சிலர் குறைத்துப் பேசக் கேட்டிருக்கிறேன். கணிப்பொறியின் பழங்கதையை அறிந்தோர் அவ்வாறு பேசமாட்டார்கள்.

என் இளமையில், திருவனந்தபுரத்தில் எங்கள் இல்லத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதில் ஐந்தே வால்வுகள். ஒன்று அணைந்தாலும் வீடு ஊமையாகிவிடும். பெட்டியைச் சாலைக் கடைத்தெருவுக்குச் சுமந்து செல்வோம். பழுது பார்ப்பவர் ஒவ்வொரு வால்வையும் விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்துக் குற்றமுள்ளதைக் கண்டுபிடிப்பார்.

ஐந்துக்கே இப்பாடு என்றால் 2,700 வால்வுகளுக்கு என்ன செய்வது? பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் கணிப்பொறி ஒன்றை அமைத்து 1960-இல் இயக்கினர். 1962-இல் ‘டிஃப்ராக்’ என்று பெயர் பெற்ற அதில் ஏறத்தாழ அத்தனை வால்வுகள் இருந்தன. ஒரு வால்வு சராசரியாக 5,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 2,700 வால்வுகளில் இரண்டு மணிக்கொரு தரம் ஏதேனும் ஒன்று கெடும் என்பது கணக்கு.

இதனினும் பெரிய சோதனையை அமெரிக்கர் முன்னரே கண்டிருந்தனர். 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். அதன் பொறியாளர்கள் வால்வுகளை அவற்றின் முழு ஆற்றலுக்கு இயக்காமல் குறைத்தே இயக்கினர். விசையைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தால், இழைகள் சூடேறியும் தணிந்தும் அறுந்துபோகின்றன என்று கண்டு, இரவிலும் அணையாமல் வைத்தனர். நாளடைவில் இரண்டு நாளைக்கு ஒரு வால்வே கெடும் நிலை வந்தது. 1954-இல் அது 116 மணி நேரம் இடைவிடாது ஓடியது ஒரு சாதனையாயிற்று.

அடியோடு அணைந்த வால்வைக் கண்டுபிடிப்பது எளிது. தளர்ந்த வால்வோ அணையாமலிருந்தே பிழையான விடை தரும். ஆகவே விடை தெரிந்த கணக்கொன்றை முதலில் கொடுத்துப் பார்த்த பின்னரே, விடை தெரியாத கணக்கை எந்திரத்திடம் ஒப்படைப்பார்கள்.

இன்று வால்வுகள் இல்லை. ஆயினும் காவல் ஒழியவில்லை. டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளை, எங்கோ ஓர் எந்திரம் நின்றுவிட்டதென்று நள்ளிரவில் எழுந்து உட்காரும்போது, பெற்றோர் சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு குவளை காப்பி கொடுத்து, அது கௌரவமான தொழில் என்று சொல்லுங்கள்.