குருமனைத் திண்ணை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடியிருக்கும் வீடு குருமனை. எங்கள் ஊர்க் குருமனை கோயிலுக்குத் தெற்கே, இரண்டு வேப்பமரத்துக்கும் ஒரு கிணற்றுக்கும் நடுவில், நாட்டு ஓடு வேய்ந்து நின்றது. சாயங்காலம் ஆனால் அதன் வடக்குத் திண்ணையில் அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெயும், எழுதுகிற மையும், ஐயரம்மா போடுகிற கருப்பட்டிக் காப்பியும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில் இறங்கி நிற்க, ஜிப்பாக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, குனிந்து எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் அவர் முகம் தெரியும். எழுபதுகளின் கடைசி அது. இடையன்குடியிலிருந்து வண்டிப் பாதையில் கொஞ்ச தூரம் வந்தால், தேரிச் செம்மணல் ஓரத்தில் பனைக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஊர் எங்களுடையது.

எங்கள் வீடு குருமனைக்கு அடுத்த வீடு. ஆச்சி காலையில் பயினி என்னும் பதநீரும் மாலையில் முருங்கைக்கீரையும் கொடுத்தனுப்புவாள். கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையில்லை நான். அங்கேயே திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். "ஏல, வந்தது வந்துட்ட, இதை வாசி பாப்பம்" என்று ஐயர் ஒருநாள் கையில் ஒரு தாளைத் தந்தார். அன்றைக்கே எனக்கு அங்கே வேலை உறுதியாகிவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஐயராவதற்கு முன்னால் அவர் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். பிறகு திருமறையூரில் இறையியல் படித்து, அங்கி தரித்து, ஊர் ஊராக மாற்றலாகி எங்கள் சேகரத்துக்கு வந்தார். கணக்கை உப்பளத்தோடு விட்டுவிட்டு வந்ததாக அவர் நினைக்கவே இல்லை. ஆகையால் அந்தத் திண்ணைக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள். மடியில் நோட்டைச் செருகிக்கொண்டு கணக்குக்கு வருகிறவர்கள். சைக்கிள் மணியடித்தபடி பாளையங்கோட்டை அச்சகத்துப் பொட்டலத்தோடு வருகிற தபால்காரர். மூன்று பேருக்கும் ஒரே மரப்பெஞ்சுதான். மூன்று பேரிடமும் அவர் பேசும் குரலும் ஒன்றுதான்.

பங்குனி பிறந்தால் ஊர் முழுக்கப் பதநீர் வாடை. விடியுமுன்னே பனையேறிகளின் இடுப்பில் பாளை அரிவாளும் பெட்டியும் உரசும் சத்தம் கேட்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் புளிக்காது. இறக்கியதை விடிலிக் குடிசையில் வைத்துக் காய்ச்சி, பாகு திரண்டதும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. ஓலைப்புகையும் பாகு வாசனையும் எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டையில்கூட ஏறியிருக்கும். இத்தனை வேலை செய்தும் கையில் காசு நிற்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தின்று தீர்த்திருப்பார்கள், அவன் சொன்ன விலைக்குச் சரக்கு போய்விடும். அப்படித்தான் எங்கள் பெரியப்பாவும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். ஐயர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, விறகு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, கலயம் எவ்வளவு, பனைக்குப் பாட்டம் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் தொகைகளை உரக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். எல்லாம் முடிந்த பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்: "சரி, ஒங்க வீட்டுக்காரிக்கு என்ன கூலி போட்டிய?"

பெரியப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவளுக்கு என்னத்துக்கு ஐயா கூலி?"

"வெறகு பொறக்குனது யாரு? வெயில்ல அடுப்பு முன்னால நின்னு கிண்டுனது யாரு? அந்தக் கூலியப் போடாம வெல சொன்னா, யாவாரிக்கு நீங்க ஒங்க வீட்டுக்காரி ஒழைப்ப இனாமா குடுக்கிய."

அந்த வரியையும் எழுதிக் கூட்டினார். பெரியப்பா தாளை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டார் சரக்கில் பாதியை மட்டும் கோடையில் விற்று, மீதியை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி அடுக்கிவைத்து, மழைக்காலத்தில் விலை ஏறியபோது விற்றார்கள். பெரியம்மை கழுத்தில் அந்த வருஷம்தான் ஒரு மெல்லிய சங்கிலியைப் பார்த்தேன்.

மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் கடை வைக்கப் போகிற இளவட்டங்கள் பஸ் ஏறுமுன் ஜெபம் பண்ணிக்கொள்ள வருவார்கள். தலையில் கைவைத்து ஜெபித்த கையோடு அவர்களை உட்காரவைத்து, கடைப் பணத்துக்கு ஒரு டப்பா, வீட்டுச் செலவுக்கு வேறொரு டப்பா, இரண்டும் ஒரு நாளும் கலக்கக் கூடாது என்பார். பற்று வரவை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும், எழுதாத கடன் சிநேகத்தைக் கெடுக்கும் என்பார். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசு கேட்டதை, பிரசங்க பீடத்தில் சொன்ன அதே பக்தியோடு திண்ணையிலும் சொல்வார். பவுல் அப்போஸ்தலன் கூடாரம் தைத்துப் பிழைத்ததைச் சொல்லும்போது அவர் கை தானாகவே ஊசி கோக்கும். நான் தூணருகே நின்று என் விரலையும் அப்படியே அசைத்துப் பார்ப்பேன்.

புத்தகம் எழுதுவதும் அதே மேசையில்தான். கடன் வாங்குவது, காணிக்கை கொடுப்பது, சிக்கனம் என்று சின்னச் சின்னப் புத்தகங்கள். காலணாத் தடிமன்கூட இராது. அச்சகத்திலிருந்து வரும் புரூஃப் நீளத் தாளாக, ஈயமும் மையுமாக வாசமடிக்கும். கையெழுத்துப் பிரதியை நான் வாசிக்க வேண்டும், அவர் புரூஃபில் கண் ஓட்டுவார். கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. கோயிலில் பாடம் வாசிக்கிற ராகம்தான் எனக்குத் தெரிந்த ஒரே ராகம். அந்த ராகத்திலேயே "கால்புள்ளி" என்றும் இழுத்து வாசிப்பேன். உள்ளே அரிசி புடைக்கும் ஐயரம்மா சுளகை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் என் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வந்து விழும்.

எழுதினதை முதலில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுவார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. அவள் எந்த இடத்தில் "என்னது?" என்று கேட்கிறாளோ, அந்த வாக்கியத்தை அவர் அடித்துவிட்டு வேறு எழுதுவார். நற்போதகம் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தால் எங்கள் தெருவில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். யாரும் பொருள் கேட்டு நிறுத்தினதாக நினைவில்லை.

காணிக்கையைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் நினைத்துக்கொள்ளும் பெயர் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயருக்குப் பிள்ளையாகப் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனவர்; ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். 1903-ல் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதற்கு அவர் முக்கிய காரணம். "நம்ம ஆச்சிமாரு ஒல வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்காவள்ளா, அதுல ஓடுன சங்கம்ல அது" என்பார் ஐயர். எங்கள் ஊரிலும் சனிக்கிழமை பிடியரிசிக் கலயங்கள் வந்து சேரும். அளந்து, ஏலம் விட்டு, தொகையைப் பெயரோடு எழுதுவோம். என் ஆச்சியின் பெயரை நானே எழுதியபோது எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் தனிக் கொண்டாட்டம். பூசணிக்காய், வாழைக்குலை, கால் கட்டின சேவல், ஒற்றை முட்டை எல்லாம் கோயில் முற்றத்துக்கு வரும். சந்தையில் விலை பேசிப் பேசிச் சலித்த அண்ணாச்சிமார் அங்கே ஒரு முட்டைக்கு ஒருவரையொருவர் மிஞ்சிக் கேட்பார்கள். சித்திரையில் வருஷக் கணக்கு முடிந்ததும், வரவு, செலவு, அசன விருந்துக்கு வாங்கின அரிசி, விளக்கெண்ணெய், மணிக்கயிறு வரை பெரிய தாளில் எழுதி ஐயர் கோயில் கதவோரம் ஒட்டிவிடுவார். "தேவனுக்குத் தெரிஞ்ச கணக்கு ஊருக்கும் தெரியட்டும்" என்பார். ஆராதனை முடிந்ததும் ஆட்கள் கூட்டமாக நின்று அதை வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசிப்பேன், கால்புள்ளி இல்லாமல்.

ஒருமுறை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மாட்டுவண்டியில் இடையன்குடிக்குக் கூட்டிப்போனார். 1841-ல் மிஷனெரி கால்டுவெல் அந்த ஊருக்கு வந்தார். 1847-ல் தொடங்கின கோயிலை 1880-ல்தான் முடித்தார், முப்பத்து மூன்று வருஷம். நடுவில் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். இதையெல்லாம் ஐயர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு எங்களை ஒரு வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பெண்கள் உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்ன மரக்கட்டைகளை இடமும் வலமும் மாற்றிப்போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல விடாமல் கேட்டது. கால்டுவெல்லின் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அது. எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதைத் தொடங்கினவர். ஐயர் அந்தப் பெண்களிடமும் நூல் என்ன விலை, ஒரு கெஜம் பின்ன எத்தனை நாள், கையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டார். கோயிலைக் காட்டின அதே நேரம் அங்கேயும் செலவழித்தார். திரும்பும் வழியில் வண்டியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் அவர் குறித்த சீட்டை நிலா வெளிச்சத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐயர்மாருக்கு மாற்றல் வரும். அவருக்கும் வந்தது. சாமான் ஏற்றுமுன் புது ஐயரிடம் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பைசா வரை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஐயரம்மா ஓலைக்கொட்டானில் முதலூர் மஸ்கோத் அல்வா வைத்துத் தந்தார்கள். தேங்காய்ப்பால் வாசனை வீடு வரை கூட வந்தது.

பின்னாளில் நகரத்தில், வியாபாரத்துக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே அலுவலகம் வைத்திருப்பவர்களையும் தடித்த புத்தகம் எழுதுபவர்களையும் நிறையப் பார்த்தேன். வேலை நிமித்தம் பலரோடு பழகியும் இருக்கிறேன். அடுப்பு முன்னால் நிற்கிறவளின் கூலியைக் கேட்ட ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஜெபம், எழுத்து, கணக்கு மூன்றும் அவருக்கு ஒரே ஊழியம். எதிரே இருக்கும் மனுஷன் ஏமாந்துவிடக் கூடாது என்ற அக்கறையே அதற்கு அடிப்படை.

எனக்கு அவர் பாடமென்று எதையும் நடத்தவில்லை. பக்கத்தில் இருக்கவிட்டார், தொகையை உரக்கச் சொல்லவிட்டார், அவ்வளவுதான். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மாதம் ஒருநாளாவது அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுதச் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் அவர்களுடைய அம்மாவின் உழைப்புக்கும் ஒரு வரி இருக்கட்டும்.