சைக்கோவைத் தேடுகிறோம், காணாமல் போனவளை?

சாணார்பட்டிப் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பிடித்த படம் எது என்று கேட்டால் 'ராட்சசன்' என்பார்கள், இல்லையென்றால் 'போர் தொழில்'. "அக்கா, நம்ம ஊர்லயும் அப்படி சைக்கோ இருப்பானா?" என்று ஒருத்தி கேட்டாள். அமெரிக்காவிலேயே 1980களுக்குப் பிறகு தொடர் கொலையாளிகள் குறைந்துவிட்டதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. படங்கள்தான் பெருகிவிட்டன. அந்தப் படங்களில் போலீஸ் தூங்காமல் தேடுகிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

நொய்டாவின் நிதாரியை எடுத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. 2005, 2006இல் அங்கே குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் பெரும்பாலும் பிழைக்க வந்த கூலிகள். புகாரோடு போனவர்களை ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சம் வளர்ந்த பெண் என்றால் எவனோடாவது ஓடியிருப்பாள் என்றார்கள். 2006 டிசம்பர் 29 அன்று ஒரு பங்களாவுக்குப் பின்னால் சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. வீட்டு முதலாளியும் வேலைக்காரரும் கைதானார்கள். தொலைக்காட்சிகள் வேலைக்காரரை நரமாமிசம் தின்னும் பேயாகக் காட்டின. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தன் முன்னிருந்த வழக்குகளில் இருவரையும் விடுவித்தது; ஏழை வேலைக்காரரை அரக்கனாக்கி மாட்டிவிடும் சுலபமான வழியில் விசாரணை போனது என்றும் கண்டித்தது. வேலைக்காரர் மீது மிச்சமிருந்த ஒரே வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார்? சட்டத்தின் கணக்கில் யாருமில்லை.

கர்நாடகத்தின் 'சயனைடு' மோகன் பள்ளி ஆசிரியர். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லி ஏழைப் பெண்களை அழைத்துப் போவார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளில் பிணமாகக் கிடந்தவர்களை அந்தந்த ஊர் ஸ்டேஷன் தனித்தனியே எழுதி மூடியது. 2009இல் அவர் பிடிபட்ட பிறகு எண்ணிக்கை இருபதில் நின்றது. வரதட்சணைதான் அவருக்கு வழி திறந்துவிட்டது என்று யாராவது படம் எடுப்பார்களா?

ஸ்டீவன் எக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்டவர்களை 'குறைவாகச் செத்தவர்கள்' என்று அழைத்தார். உயிரோடு இருக்கும்போதே யாரும் கணக்கில் எடுக்காதவர்கள். எம்.ஏ.வில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. எங்கள் தெருவில் பெயர் வைக்காமல் தெரிந்த விஷயம்தான்.

மில் வேலைக்குப் போன பதினேழு வயதுப் பெண் வீடு திரும்பவில்லை என்று அவள் அம்மாவோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறேன். "எந்தத் தெரு?" என்றார் எழுத்தர். காலனி என்றதும் பேனாவை மூடினார். "ரெண்டு நாள் பாருங்கம்மா, தானா வந்துரும்." நாலாம் நாள் வேறொரு ஊர் மில் விடுதியில் கிடைத்தாள், உயிரோடு. கண்டுபிடித்தது அவள் சித்தப்பா, பைக்கில் அலைந்து.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் காணவில்லை என்றால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.