புகை நடக்கும் தூரம்

அமிர்தி உயிரியல் பூங்காவைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் வரும் ஒரு சிற்றூரில், 10-க்கு 12 அடியில் ஒற்றை அறை வீடு கட்டியிருக்கிறார் நண்பர். மார்கழியில் அங்கே போர்வைக்குள்ளேயே பல் கிட்டிக்கும். ரஷ்யாவிலும் பின்லாந்திலும் இருப்பதுபோல் ஒரு செங்கல் கணப்பு வேண்டுமென்று படம் வரைந்து வைத்திருந்தார். விறகைக் கொழுந்துவிட்டு எரியவிட்டுப் புகையைச் சுவருக்குள் வளைத்து வளைத்து ஓட்டினால், சுவர் அந்தச் சூட்டை வாங்கிவைத்து இரவெல்லாம் மெல்லக் கக்கும்.

அடுப்பு போடத் தெரிந்தவர் என்று ஊரார் அழைத்துவந்தது எழுபதைத் தாண்டிய ஓர் ஆயாவை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொகய இம்மாந்தூரம் நடக்கவெச்சா சோந்துபூடும் தம்பி. மேல ஏறாது, ஊட்டுக்குள்ளயே திரும்பிடும்.”

சூடு இருக்கும்வரைதான் புகை ஏறும். வழியிலேயே எல்லாச் சூட்டையும் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் எது இழுக்கும்?

அவர் காலமெல்லாம் போட்டது கொடியடுப்பு. தாயடுப்பின் தீ ஒரு துளை வழியே பக்கத்து வாய்க்குப் போய் வெந்நீர் காய்ச்சும். அந்தத் துளையில்தான் வித்தை. பெரிதானால் சோறு வேகாது, சிறிதானால் கொடி சும்மா கிடக்கும். நாலு விரலைச் சேர்த்து உள்ளே விட்டுப் பார்ப்பார், கட்டைவிரலால் ஓரத்தை வழிப்பார். அளவுகோல் அவ்வளவுதான்.

“கூரை ஊட்ல பொக தானா வெளிய பூடும். தளம் போட்ட பொறவுதான் கண்ணு எரியுது” என்றார். புல்லுக்கூரையே புகைபோக்கியாக இருந்திருக்கிறது! ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜூ 1950-களிலேயே புகையில்லா அடுப்பை வடிவமைத்துவிட்டார். 1983-இல் தொடங்கிய தேசியத் திட்டம், 2002-இல் கைவிடப்படும்வரை 3 கோடிக்கு மேல் அடுப்பு போட்டதாகக் கணக்கு. அந்த அடுப்புகளின் புகைக்குழாயில் கரி அடைத்தால் யார் எடுப்பது என்பதற்குத்தான் கணக்கில்லை.

நண்பரின் படத்தில் இருந்த ஐந்து வளைவை ஆயா ஒன்றாக்கினார். அடுப்புக்குப் பின்னால் ஒரு திண்ணை. புகை அதற்குள் ஒருமுறை போய்த் திரும்பிக் குழாயில் ஏறும். காஷ்மீர் ஹம்மாமிலும் கொரிய ஓண்டோலிலும் இதே வேலை தரைக்கடியில் நடக்கிறது. தீ படும் இடத்தில் சிமென்ட் கூடாதாம். புற்றுமண், மணல், நறுக்கிய வைக்கோல்தான். மிதித்துக் குழைத்ததை நான் பார்க்கவில்லை, டீக்கடை தேடிப் போயிருந்தேன்.

மாலையில் செங்கல் அடுக்கிய பையனுக்குக் கொத்தனார் கூலி, ஆயாவுக்குச் சித்தாள் கூலி. “பொம்பளைக்கு அதானே ரேட்டு” என்றார் நண்பர். படத்தைத் திருத்தியது யார் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இன்னும் சில நோட்டுகளை எடுத்தார். ஆயா காதில் விழாதவர்போல் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மண் காய மூன்று வாரம். பற்றவைத்ததும் புகை முகத்திலேயே அடித்தது. குழாயடியில் கரி எடுக்க விட்டிருந்த ஓட்டையில் ஆயா ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திப் போட்டார். குளிர்ந்த குழாய் சூடேறியதும் அடுப்பு குப்பென்று இழுத்தது.

“ஜன்னல கொஞ்சம் தொறந்தே வைங்க. மூடிக்கினு தூங்கிடாதீங்க.”

திண்ணையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. சாணி எடுத்துவரக் கிளம்பினார்.