விடிந்தால் போகாத பேச்சு

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்னும்போது நம் மனத்தில் இருப்பது அவனுடைய சத்தியம். பிள்ளையின் தலையில் அடித்துச் செய்தது, சாமி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் செய்தது, எல்லாமே மறுநாள் சாயங்காலத்துக்குள் கரைந்துவிடுகின்றன. பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன வீட்டாரின் பழமொழி அது; அதில் பொய்யில்லை. ஆனால் கேட்பவர்களைப் பற்றியும் அது ஒன்று சொல்கிறது: அவன் பேச்சை இனி யாரும் காதில் வாங்கப் போவதில்லை. குடிநோய் பறித்துக்கொள்பவற்றில் பணமும் ஈரலும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. சொல்லுக்கு இருந்த மதிப்பு போவது அப்படிப் படுவதில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏஏ அமைப்பின் கூட்டங்கள் முதலில் திருப்பிக் கொடுப்பது அந்த மதிப்பைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குடிநோயாளியின் பேச்சு அங்கே மருந்தாகிறது. கேட்பவரைவிடப் பேசுகிறவருக்கே அது முதலில் வேலை செய்கிறது.

அந்த அமைப்பு பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1935 மே மாதம், நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. தங்கியிருந்த மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். ‘என்னைக் காப்பாற்றுங்கள்’ என்றுதான் கேட்டிருப்பார் என நினைப்போம். அவர் விசாரித்தது, தான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று. முந்தைய மாதங்களில் நியூயார்க்கில் பலரிடம் பேசிப் பார்த்திருந்தார். ஒருவரும் குடியை விடவில்லை. பேசிய அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது. விசாரணை கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 15 நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு மறுநாள் வந்த அவர், ஆறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார். குடி உடம்பை என்ன செய்யும் என்று ஒரு மருத்துவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பில் அதைச் செய்யவுமில்லை. தான் பட்டதைச் சொன்னார். நடுவில் ஒருமுறை மறுபடி குடியில் தவறி விழுந்த பாப், ஜூன் 10-க்குப் பிறகு குடிக்கவே இல்லை. அந்த நாளே ஏஏ பிறந்த நாளாக நிலைத்துவிட்டது.

கதை உருக்கமாக இருந்தால் போதுமா, பலன் உண்டா என்று கேட்பது நியாயம். 27 ஆய்வுகளையும் 10,000-க்கு மேற்பட்டவர்களையும் அலசிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020-ல் வந்தது. ஏஏ வழியில் சென்றவர்களில் 100-க்கு 42 பேர் ஓராண்டுக்குப் பிறகு அறவே குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். அப்படியானால் மீதி 58 பேர்? அவர்களை மறைத்துவிட்டு இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, தவறி விழுந்தவருக்கும் அடுத்த வாரம் அதே நாற்காலி உண்டு. இது மருத்துவத்துக்கு மாற்றும் அல்ல. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் மருத்துவர். அருகில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று அவரிடமோ மறுவாழ்வு மையத்திலோ விசாரிக்கலாம்.

பலன் உண்டா என்ற சந்தேகத்தைவிட, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் பெரியது. ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்று தொடங்கிச் சாதியில் வந்து நிற்கும் விசாரணை நமக்குப் பழக்கமானது. கூட்டத்தில் அது கிடையாது. ஒரு பெயர் சொன்னால் போதும்; குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு தகுதி கேட்பதில்லை. சொந்தப் பேட்டையில் கூச்சமாக இருந்தால் அடுத்த பேட்டைக் கூட்டத்துக்குப் போகலாம். கடவுளைப் பற்றிய பேச்சு வருமே என்று பகுத்தறிவாளர் தயங்கலாம். வரும்தான், குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் இருக்கிறார். ஆனாலும் தன்னைவிடப் பெரிய சக்தியாக அந்த அறையில் கூடியிருப்பவர்களையே எடுத்துக்கொண்டு குடியை விட்டவர்கள் உண்டு.

பழமொழிக்கு மறுபடி வருகிறேன். குடிநோயாளியின் வாக்குக்கு ஆயுள் ஒரு நாள்தான் என்கிறது அது. ஏஏ அதை மறுப்பதில்லை. வாழ்நாள் சத்தியம் எதுவும் கேட்காமல், இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இரு என்கிறது. விடிந்தால் போகிற வாக்கை விடிந்ததும் மறுபடி கொடுக்கிறார்கள். வாசலில் தயங்கி நிற்பவர், தான் ஒரு பாரமாக உள்ளே நுழைவதாக நினைக்கிறார். ஆக்ரனில் தொலைபேசியைக் கையில் எடுத்தவருக்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டார். உள்ளே இருப்பவர்களுக்கும் இவர் தேவை. 15 நிமிடம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு போகலாம். பாப் ஸ்மித்தும் அப்படித்தான் போனார்.